கணப்புக் கல்லோரம்

மட்டை பொருந்தியது. பலகை பொருந்தவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கண்ணாடி மேல் பிழை இல்லை. கணப்புக் கல்லின் மூலைக்கு அளவாகக் கத்தரித்த காகித மட்டையைத் தரைப் பலகையின் முதுகில் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். வெட்டித் திருப்பியதும் இடது வலதாகிவிட்டது.

நல்ல பலகை ஒன்று வீண்.

பகிடி பண்ணக்கூட ஆளில்லை. மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் இந்த ஒரு பலகையை வைத்தே வருடம் முழுக்கச் சிரித்திருப்பாள்.

குரோய்டனில் பழைய வீடு. முன்னறைச் சுவரில், எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் குளிர்காய்ந்த கணப்பு. அதன் முன்னே தரையோடு ஒட்டிக் கருங்கல் மேடை. குடிவந்த அன்றே அவர் மனைவி பவளராணி கரியைக் கழுவித் துடைத்து, கணப்புக்குள் பிள்ளையாரையும் முருகனையும் குடியேற்றிவிட்டாள்.

சாமிக்கு இடம் வாய்த்தது. கார்பெட்தான் அவளுக்கு எதிரி. கல்லுக்கும் கார்பெட்டுக்கும் நடுவே ஓர் இடுக்கு. பூவிதழும் அரிசியும் அதற்குள் விழுந்துகொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் கொண்டை ஊசியால் கிளறி எடுப்பாள். எடுத்துக்கொண்டே ஏசுவாள்.

"ஒரு நல்ல தரை போட்டுத் தாங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

பார்ப்போம் என்பார். பார்க்கவில்லை.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று கனடா போனாள். அந்தப் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவள் இன்னும் வந்தபாடில்லை.

சண்டை ஒன்றும் கிடையாது. சண்டையென்றால் காலில் விழுந்தாவது சமாதானம் பேசலாம். கேட்கும்போதெல்லாம், குளிர் போகட்டும், வருகிறேன் என்பாள். கனடாவில் இருந்துகொண்டு குரோய்டன் குளிருக்குப் பயப்படுகிற மனுஷி.

கார்பெட்டை எடுத்துவிட்டுப் போடும் இந்தப் பலகைத் தரையைப் பார்த்தாலாவது வரமாட்டாளா என்பதுதான் அவர் நினைப்பு. வேறு எதைக் காட்டி அழைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

இன்னொரு பலகையை எடுத்தார். இம்முறை அதன் முகத்தில் கோடு போட்டார்.

கால் நீட்டி உட்கார்ந்தால் வேலை சுலபம். சாமிக்கு நேரே கால் நீட்டக் கூடாதென்பது அவள் சட்டம். படங்களை எடுத்து அப்பால் வைத்திருக்கலாம். அவள் வைத்துவிட்டுப் போனதைத் தொட மனம் வரவில்லை. முழங்கால் கெஞ்சியது. மடக்கிக்கொண்டே வெட்டினார்.

பலகை மூலையில் போய் உட்கார்ந்தது.

பலகை ஈரத்தில் உப்பிப் பெருத்துவிடும், கல்லைச் சுற்றி விரல்கடை இடம் விடுங்கள் என்று கடைக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். விட்டார். விட்ட இடத்தை, அவளுக்குப் பயந்து, தக்கைப் பட்டியால் அடைத்தார். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே கல்லின் மூன்று பக்கமும் தவழ்ந்தார்.

குசினிக்குப் போய் ஒரு பிடி அரிசி கொண்டுவந்தார். கல் மேல் தூவி, கையால் தரைக்கு வழித்தார்.

ஒரு மணிகூட உள்ளே போகவில்லை.

சிரித்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லையே என்பது உடனே வந்து வலித்தது.

கனடாவில் விடிந்திருக்கும். போனில் அவளைக் கூப்பிட்டார். அவள் முகம் வந்தது. போனைத் தரைப் பக்கம் திருப்பினார்.

"கிட்டக் காட்டுங்கோ."

மறுபடி முழங்காலில் இறங்கினார். கல்லை ஒட்டி மெல்ல மெல்ல நகர்த்தினார். மூலையில் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினார்.

தக்கைப் பட்டியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"நல்ல வடிவாய் முடிச்சிருக்கிறியள்" என்றாள். "இனி வீடு வாங்க வாற சனம் ஒரு குறையும் சொல்லாது. சாமிப் படங்களை மட்டும் பத்திரமாய்ச் சுத்தி இஞ்ச அனுப்பி விடுங்கோ."

"ஓம்" என்றார்.

போன் இன்னும் தரையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அவர் திருப்பவில்லை.

முகத்தைக் காட்டச் சொல்லி அவளும் கேட்கவில்லை.