கேமராவை அணைத்த மாணவன்

டீச்சர் வேலைக்கான அவளுடைய ஆன்லைன் தேர்வுக்குப் பத்து நிமிடம் இருந்தது. தேர்வில் யாரோ மாணவனாக நடித்துக் கேள்வி கேட்டுக் குடைவார்களாம்; கோபப்பட்டால் வேலை கிடைக்காது.

"பக்கத்து ரூம்லேர்ந்து மாணவனா வாங்க. கேமரா வேணாம், குரலை மாத்திக் குடைச்சல் குடுங்க. பழகிக்கறேன்" என்று கணவரை விரட்டினாள்.

திரையில் கறுப்புக் கட்டம் முளைத்தது. "டீச்சர், எல்லாம் போன்லயே இருக்கே. நீங்க எதுக்கு?"

அடேயப்பா, என்ன நடிப்பு! சிரித்துக்கொண்டே விளக்கினாள்.

"இதையும் போனே சொல்லுமே?"

மறுபடி விளக்கினாள்.

"புரியல டீச்சர்."

கல்யாணமான நாளிலிருந்து சேர்த்த ஆத்திரம் பொங்கியது. "அதிகப்பிரசங்கி! முட்டி போடுடா!"

கதவு திறந்தது. கணவர் கையில் அணைந்த போன். "சார்ஜர் எங்கேம்மா? நான் இன்னும் கிளாஸுக்குள்ளயே வரலையே."

திரையில் யாரோ கனைத்தார்.

"மேடம், தேர்வு அதிகாரி பேசறேன். கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டேன். முட்டி வலிக்குது, எழுந்திருக்கலாமா?"