நாற்பத்தாறு பாராட்டுகள்

செல்போனைப் பழுதுபார்த்த ஷர்லி உதட்டைப் பிதுக்கினாள். “எல்லாமே அழிஞ்சு போச்சு சார். வேற எங்கயும் வச்சிருக்கீங்களா?”

நாவலாசிரியர் வீரய்யாவுக்கு வியர்த்தது. மூன்று வருடம் அந்த போனிலேயே கட்டைவிரலால் தட்டி எழுதிய நாவல்.

பிறகுதான் நினைவு வந்தது. பொங்கலன்று எழுத்தாளர்கள் வாட்ஸ்அப் குழுவில் அதை பிடிஎஃப்பாகப் போட்டிருந்தார். நாற்பத்தாறு பேர் பாராட்டினார்கள். கடைசி அத்தியாயம் தன்னைத் தூங்கவிடவில்லை என்று குழுத் தலைவர் கவியரசன் எழுதியிருந்தார்.

ஷர்லியின் போனை வாங்கி, மனப்பாடமாக இருந்த கவியரசனின் எண்ணை அழுத்தினார்.

“வீரய்யா பேசுறேன். பொங்கலுக்குப் போட்ட நாவல் ஃபைல் ஒங்ககிட்ட இருக்குங்களா?”

“அத அழிப்பேனாங்க? நேத்துகூட மறுபடி படிச்சுட்டு அழுதேன். இந்த நம்பருக்கே அனுப்புறேன்.”

சொன்னபடியே ஃபைல் வந்தது. ஷர்லி திறந்து பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

“சார், இதுல ஒரே ஒரு பக்கந்தான் இருக்கு. இலுப்பூர்ல இருக்க ஒங்க நெலத்தோட சிட்டா.”

வீரய்யா போனை வாங்கிப் பார்த்தார். சிட்டாதான். பொங்கலன்று ஃபைலை மாற்றிப் போட்டிருக்கிறார்.

அதற்குக் கீழே கவியரசனின் செய்தி வந்து விழுந்தது.

‘கடைசி அத்தியாயத்துல மட்டும் ஒரு வரியக்கூட மாத்திராதீங்க.’