இலட்சுமிப் பலகை

உடைந்த போத்தல் துண்டால் இலட்சுமியின் கண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் சிவக்கொழுந்து.

பள்ளிக்கூடக் கிணற்றடியில், பட்டப்பகலில். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை.

தேத்தண்ணீர்க் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்த தியாகலிங்கம் மாஸ்ரர் கண்டுவிட்டார். அந்த இலட்சுமியை வரைந்தவரே அவர்தான்.

“என்ன பிள்ளை செய்யிறாய்? உனக்கென்ன விசரே?”

அவள் நிமிரவில்லை. கையும் நிற்கவில்லை.

“கோயில் வாகனத்துக்கு வண்ணம் பூசுற கையாலை வரைஞ்சது. விரதமிருந்து, தோய்ஞ்சிட்டு வந்து கண் திறந்தனான். இந்தப் பொருளாதாரத் தடைக்குள்ளை ஒரு சொட்டு மஞ்சள் பெயின்ற் எடுக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமே?”

சத்தம் கேட்டுக் கூட்டம் சேர்ந்தது. சற்று முன்னர்தான் இதே கூட்டம் இவளுக்குக் கைதட்டியிருந்தது.

குண்டுவீச்சில் கால் இழந்தவர்களின் இல்லத்துக்கு நிதி சேர்க்க, மாதர் சங்கம் நடத்திய ஏலம் அது. கால் இல்லாதவர்கள் உட்கார்ந்து கையால் உந்திப் போகிற, அடியில் சக்கரம் பூட்டிய சில்லுப் பலகைகளை இல்லத்திலேயே செய்து கொடுத்தார்கள். ஊரில் படம் கீறத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு பலகையில் வரைந்து கொடுத்தார்கள். பார்க்கக் கொள்ளை அழகு.

மயில் வரைந்த பலகை ஒரு டொக்டர் வீட்டு விறாந்தைச் சுவருக்குப் போனது. தேர் வரைந்தது கடை முதலாளி ஏரம்புவிடம் போனது. ஒவ்வொன்றுக்கும் கையை உயர்த்தி, ஒவ்வொன்றிலும் தோற்றுக் கையைக் கீழே போட்டவள் சிவக்கொழுந்து. கடைசியில் மிஞ்சியது இலட்சுமி. அதையும் ஏரம்பு விடுவதாக இல்லை. அவள் காதுத் தோட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஏரம்பு வாயை மூடிக்கொண்டார்.

சங்கத் தலைவி அருமைநாயகி மேடையிலேயே அவளைக் கட்டிப்பிடித்து, “இல்லாத வீட்டிலையிருந்து வந்து கழற்றிக் குடுக்கிற மனத்தைப் பாருங்கோ” என்று உருகிப்போனார்.

இப்போது அதே அருமைநாயகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“வேண்டாமெண்டால் எங்களிட்டைத் திருப்பித் தந்திருக்கலாமே. கோயிலிலை செய்யிறமாதிரி மறு ஏலம் விட்டிருப்பம். சாமி முகத்தை உப்பிடியே செய்யிறது?”

“தோடு குடுத்ததெல்லாம் பேர் எடுக்கத்தான்” என்றார் ஏரம்பு. தோற்ற மனுசனுக்கு அதில் ஒரு திருப்தி.

சிவக்கொழுந்து போத்தல் துண்டைக் கீழே வைத்தாள். விரல் நுனியில் இரத்தம் கசிந்தது.

“இதிலை என்ரை மனுசன் இருக்கவேணும் ஐயா” என்றாள்.

எல்லாரும் அவள் காட்டிய பக்கம் பார்த்தார்கள். பள்ளிக்கூட வாசல் படலையடி வேம்பின் கீழ், ஒரு சாக்கின் மேல் அவளுடைய புருசன் கதிரவேலு இருந்தான். இரண்டு காலும் முழங்காலுக்கு மேலே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் கரியரில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

“போனமுறை குண்டு போட பொம்பர் வரேக்கை இவரைச் சாக்கிலை போட்டுத்தான் பங்கர்மட்டும் இழுத்தனான். முதுகுத் தோல் முழுக்க உரிஞ்சுபோச்சு. இனியொருக்கா இழுக்க என்னாலை ஏலாது. அதுதான் தோட்டைக் குடுத்தனான். கொண்டுபோய்க் காட்டினால், சாமிக்கு மேலை எப்பிடி இருக்கிறது, ஏறமாட்டன் எண்டிட்டார்.”

உட்காருகிற பலகை என்று தெரிந்துதான் மாஸ்ரர் வரைந்தார். ஆனால் அதில் ஒருவன் உட்காருவான் என்பது அவருக்கும் தோன்றவில்லை, வரையச் சொன்னவர்களுக்கும் தோன்றவில்லை, ஏலம் கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை. எல்லாரும் சுவரைத்தான் நினைத்திருந்தார்கள்.

அப்போதுதான் வானத்தில் அந்த விமான இரைச்சல் கேட்டது.

“பொம்பர்! பொம்பர்!”

நாற்காலிகள் சரிந்தன. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மண்ணில் வெட்டியிருந்த பங்கருக்குள் கூட்டம் விழுந்தடித்துக்கொண்டு புகுந்தது. ஏரம்பு தன் தேர்ப் பலகையை மறக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினார். அருமைநாயகியின் செருப்பில் ஒன்று கிணற்றடியிலேயே கிடந்தது.

சிவக்கொழுந்து பலகையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் ஓடினாள், படலைக்கு. அவள் பின்னாலேயே மாஸ்ரரும் ஓடினார்.

“இஞ்சாருங்கோ, கண்ணும் இல்லை, முகமும் இல்லை. இப்ப இது வெறும் பலகை. கெதியா ஏறுங்கோ!”

கதிரவேலு பலகையைப் பார்த்தான். தாமரைப் பூ அப்படியே இருந்தது. அவன் கைகள் தாமாகக் குவிந்தன.

“நான் முகத்தைக் கண்டிட்டனே. இனி எவ்வளவு சுரண்டினாலும் அம்மா அம்மாதான். நீர் பங்கருக்கு ஓடும். வீட்டிலை இருக்கிற பிள்ளையளுக்கு நீராவது மிஞ்சவேணும்.”

“உங்களை விட்டிட்டு நான் போகமாட்டன்.”

“சொன்னாக் கேளும்!”

பொம்பர் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. அடுத்த சுற்றில் தாழப் பதிந்து குண்டு போடும் என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பங்கர் வாசலிலிருந்து யாரோ மாஸ்ரரைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டார்கள்.

மாஸ்ரர் திரும்பிப் பார்க்கவில்லை. சிவக்கொழுந்தின் கையிலிருந்து பலகையை வாங்கி நிலத்தில் வைத்தார். ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இலட்சுமியின் முகம் இருந்த இடத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து எழும்பினார்.

“கண் திறந்த நானே ஏறி இருந்திட்டன் தம்பி. பாவம் முழுக்க எனக்கு. இனி நீ இரு.”