சலவை இயந்திரத்துக்கு நற்சான்று

குமுதவல்லியின் கை எந்தப் பொருளில் தயங்கினாலும், மறுநாளே அந்தப் பொருள் அவளுக்கு ஏற்றபடி தன்னைத்தானே மாற்றிக்கொண்டுவிடும். அடுப்பு, குழாய், கதவு எல்லாம் அப்படி. வீட்டில் யாரும் யாரையும் உதவிக்குக் கூப்பிடத் தேவையே இல்லை. சலவை இயந்திரம் மட்டும் திருந்தவில்லை. அதற்காகக் கணவர் தணிகாசலம் முணுமுணுத்துக்கொண்டே வருவார். சரிசெய்துவிட்டு அப்படியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்.

அந்த இயந்திரத்தைப் பயன்படுத்துவது சுலபமா என்று சோதிக்க, அதைத் தயாரித்த கம்பெனியிலிருந்து ரெஹானா வந்தாள். "நான் உதவ மாட்டேம்மா. மனசுல தோணுறதைச் சொல்லிக்கிட்டே துவைங்க."

குமுதவல்லி தடுமாறாமல் நான்கு பொத்தான்களை அழுத்தினாள். "ரொம்ப சுலபமா இருக்கும்மா. எதையும் மாத்திடாதீங்க."

ரெஹானா குறித்துக்கொண்டு கிளம்பினாள். கதவு சாத்தியதும் குமுதவல்லி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, உள்ளறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, இது மறுபடியும் மக்கர் பண்ணுது. கொஞ்சம் வாங்களேன்."