வட்ட மேசையில் இரண்டு தம்பதிகள்

இது சத்தியம், ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை: தம்பதிகளை வட்ட மேசையில் உட்காரவைக்கும் அந்தப் பிரபலமான கணக்கு பிறந்தது பிரான்சின் டிஜோன் நகரத்தில், இந்த அந்திப் பொழுதில்தான். வீட்டுக்காரன் அஷிலின் புது மனைவி க்ளெமான்ஸ் முதன்முதலாக விருந்து வைக்கிறாள். ஆணும் பெண்ணும் மாறிமாறி உட்கார வேண்டும். எவளும் தன் புருஷன் பக்கத்தில் உட்காரக் கூடாது. தவறினால் நாளைக்கு ஊரே சிரிக்கும். வந்திருப்பதோ நோட்டரி வஸ்ஸேரும் அவர் மனைவி ஓடிலும் மட்டும். ஜன்னலில் வானம் பிளம் பழமாகக் கறுக்கிறது. நால்வரும் மேசையைச் சுற்றிச் சுற்றி மிதக்கிறார்கள். எப்படி உட்கார்ந்தாலும் ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம் சொந்தப் புருஷன். நாற்காலிகள் தூக்கத்தில் பேசுவதுபோல் முனகுகின்றன. வெங்காய சூப்பின் ஆவி மெலிகிறது. “மதாம், என்னை அடுப்படியில உட்கார வெச்சிடுங்க, சூப்பாவது பக்கத்துல இருக்கும்,” என்கிறார் நோட்டரி. “இத்தனை வருஷம் இந்த மனுஷன் பக்கத்துல உட்கார்ந்து நானே பொழச்சுக் கெடக்கேன். வெச்சுத் தொலைம்மா, பசிக்குது!” என்கிறாள் ஓடில். க்ளெமான்ஸின் கண்கள் நிறைகின்றன. சட்டென்று குனிந்து மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைக்கிறாள். இருட்டில் நாற்காலிகள் நகர்ந்து அடங்குகின்றன, நான்கு கரண்டிகள் மெல்லக் கிணுகிணுக்கின்றன. தன் முழங்கையில் உரசுவது யாருடைய முழங்கை என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஊர் இனி எதைப் பார்த்துச் சிரிக்கும்?

சத்தியம் என்றேனே, ஒன்றை மட்டும் சொல்லவில்லை: அஷில் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.