வழிவிடும் சக்கரங்கள்

மார்ச் 14, வியாழன். சிறிய தவறு என்றுதான் எழுத நினைத்தேன். விளிம்பெல்லாம் குட்டி உருளைகள் பதித்த ஆம்னி சக்கரங்களைத் தேர்ந்தெடுத்தது நான். எல்லாத் திசைக்கும் ஓடும் என்று நம்பி, சாதாரணச் சக்கரம் போல நேராகப் பொருத்தியதும் நான். இன்று மாலை வகுப்பில் எங்கள் சண்டை ரோபோ தானாகப் பக்கவாட்டில் நகரவே இல்லை. என் கூட்டாளி எஸ்தர் ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளியதும் உருளைகள் சுழன்று வழுக்கிக்கொண்டே போய் மேடையிலிருந்து விழுந்தது.

“டேய், இது சண்டை போட வந்துச்சா, வழி விட வந்துச்சா?” என்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. சனிக்கிழமை ரோபோ சண்டைப் போட்டியில் வென்றால்தான் அவளுக்கு ஒரு பட்டறையில் பயிற்சி வேலை. எல்லாத் திசைக்கும் ஓடும்படி சக்கரங்களைச் சாய்வாக வைக்கப் புதுச் சட்டம் வெட்ட நேரமில்லை.

நாளை: உருளைகள் ஒவ்வொன்றையும் அசையாதபடி பசை வைத்து ஒட்ட வேண்டும்.