வெள்ளிக்கிழமை சொல்றேன்

"வீடியோ பாத்தேன் கண்ணு. வெள்ளிக்கிழமை கூப்டு, சொல்றேன்."

தொண்டூர் ரஞ்சிதம் இப்படிச் சொல்வது எத்தனையாவது வெள்ளிக்கிழமையோ! மோனிகா அலுப்போடு போனை வைத்தாள்.

செஞ்சி கடைவீதியில் விவசாய மெஷின் விற்கும் கடை. முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டு, நிலக்கடலை உரிக்கும் மெஷினை வாங்கச் சொல்வது அவள் வேலை. இதுவரை ஒன்றுகூடப் போகவில்லை.

"பேச்சை முடிக்கறதுக்குள்ள அடுத்து இன்னா பண்ணப் போறோம், என்னிக்குன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கணும்" என்று மேனேஜர் செல்லப்பன் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மோனிகா அதில் ஒரு குறை வைக்கவில்லை. ரஞ்சிதம் விலை கேட்டாள், அன்றே அனுப்பினாள். வீடியோ கேட்டாள், அனுப்பினாள். "கரண்ட்ல ஓடுமா, டீசலா?" விசாரித்துச் சொன்னாள். சொன்ன வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிட்டாள். ரஞ்சிதம்தான் அடுத்த வெள்ளிக்குத் தாவிக்கொண்டே இருந்தாள்.

"அந்தம்மா உன்ன வச்சு பொழுது போக்குது. விட்டுத் தள்ளு" என்றார் செல்லப்பன்.

அந்த வெள்ளிக்கிழமை மோனிகா கேட்டே விட்டாள்.

"அக்கா, வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் கோச்சுக்க மாட்டேன்."

"நாளைக்குக் காலைல மெஷினை எடுத்துனு வா கண்ணு. ஓட்டிப் பாத்துடலாம்."

செல்லப்பனிடம் கெஞ்சிக் கூத்தாடி, மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு தொண்டூர் போய் இறங்கினாள். ரஞ்சிதம் வீட்டு வாசலில் ரெண்டு ஆடு கட்டியிருந்தது. ஒரு கடலை மூட்டையைக்கூடக் காணோம்.

"அக்கா, உங்க மல்லாட்டை எங்க?"

"எனக்கு ஏது கண்ணு நெலம்? நான் கூலிக்குப் போறவ."

மோனிகா வண்டியில் இருந்த மெஷினைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்புறம் எதுக்குக்கா இத்தினி நாள் அலைய விட்டீங்க?"

ரஞ்சிதம் தெருப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏய் கவிதா! எல்லாரையும் இட்டுனு வா!"

தலையில் கடலை மூட்டையோடு ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். மகளிர் குழு. மெஷின் ஓடியது. பருப்பு உடையாமல் கொட்டியது.

"உரிச்சு உரிச்சு நகமே பேந்துபோச்சு. குழுவுக்கு ஒண்ணு எடுத்துக்கறோம்மா" என்றாள் கவிதா. "மல்லாட்டை புடுங்கி முடியட்டும்டின்னாலும் இந்த ரஞ்சிதம் விட்டாதான? வாரா வாரம் வீடு வீடா வந்து நச்சரிச்சுட்டா."

மோனிகாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ரஞ்சிதத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெலமே இல்லாத நீங்க, முகம் தெரியாத எனக்காக எதுக்குக்கா இவ்ளோ பாடுபட்டீங்க?"

ரஞ்சிதம் சிரித்தாள்.

"மொத நாளே வேணாம்னு சொல்லத்தான் இருந்தேன். நீ 'ஒரு நிமிஷம்க்கா'ன்னு போனைக் கட் பண்ணாம அப்டியே வச்சுட்டுப் போயிட்ட. 'இந்த சீசன்ல ஒரு மெஷினாச்சும் விக்கலன்னா வேலைய விட்டு நின்னுக்க'ன்னு உங்க மேனேஜரு கத்தனது கேட்டுச்சு. அதுக்கப்புறம் வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல கண்ணு."